ஜிம்மும் கரியமில வாயுவும்: ஒரு கணக்குப் பாடம்

நம் சங்கக் குடும்பங்களில் ஜிம்முக்குச் சந்தா கட்டாத இளைஞர்கள் இன்று குறைவு. உடலைக் காக்கும் இந்தத் தொழிலும் கரியமில வாயுவை வெளியிடுகிறது. இதை உணர்ந்து, பெரிய ஜிம் நிறுவனங்கள் சில பருவநிலை உறுதிமொழிகள் தருகின்றன. பிரிட்டனில் 200க்கும் மேற்பட்ட கிளைகள் கொண்ட 'தி ஜிம் குரூப்' தன்னைக் 'கார்பன் நியூட்ரல்' நிறுவனம் என்று அறிவித்துக்கொண்டது. அதாவது, வெளியிடும் வாயுவுக்கு ஈடுசெய்துவிட்டோம் என்பது பொருள். இத்தகைய அறிவிப்பை எப்படிப் படிப்பது? பல ஆண்டுகள் மின்சாரக் கணக்குப் பார்த்தவன் என்ற முறையில், எனக்குத் தெரிந்ததை எளிமையாகச் சொல்கிறேன்.

மூன்று கூடைகள்

2001இல் வெளியான 'ஜி.எச்.ஜி. புரோட்டோகால்' என்ற கணக்கு முறையையே உலகெங்கும் பின்பற்றுகிறார்கள். அது வாயு வெளியீட்டை மூன்று கூடைகளாகப் பிரிக்கிறது.

முதல் கூடை, நிறுவனமே நேரடியாக வெளியிடுவது. குளியலறை வெந்நீருக்கு எரிக்கும் எரிவாயு, ஜெனரேட்டருக்கான டீசல், ஏ.சி.யிலிருந்து கசியும் வாயு ஆகியவை இதில் அடங்கும். கசிவைச் சிறிதாக எண்ண வேண்டாம். ஆர்-410ஏ என்னும் ஏ.சி. வாயு ஒரு கிலோ கசிந்தால், 2,000 கிலோவுக்கு மேற்பட்ட கரியமில வாயுவுக்குச் சமமான வெப்பப் பாதிப்பு உண்டாகும்.

இரண்டாம் கூடை, விலைக்கு வாங்கும் மின்சாரம். விளக்கு, ஏ.சி., ட்ரெட்மில் எல்லாம் இதில் சேரும்.

மூன்றாம் கூடை, மற்ற அனைத்தும். இரும்புக் கருவிகளின் தயாரிப்பு, ரப்பர் விரிப்பு, கட்டட வேலை, ஊழியர் பயணம் போன்றவை. உறுப்பினர்கள் ஜிம்முக்கு வந்துபோகும் பயணத்தைச் சேர்ப்பது நிறுவனத்தின் விருப்பம், கட்டாயமில்லை.

கொஞ்சம் பெருக்கல்

நம் நாட்டில் ஒரு யூனிட் மின்சாரத்தின் உற்பத்தியில் சராசரியாகச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. ஒரு ஜிம் மாதம் 10,000 யூனிட் செலவழிப்பதாகக் கொள்வோம். மாதத்துக்கு 7 டன். ஆண்டுக்கு 84 டன். அதே அளவில் நூறு கிளைகள் இருந்தால் 8,400 டன்.

இன்னொரு கணக்கு. சைக்கிள் மிதித்து மின்சாரம் எடுக்கும் கருவிகளைச் சில ஜிம்கள் பெருமையுடன் காட்டுகின்றன. ஒருவர் ஒரு மணி நேரம் மிதித்தால் ஏறத்தாழ 100 வாட் வீதம் 0.1 யூனிட் கிடைக்கும். அதனால் தவிர்க்கப்படுவது 70 கிராம் கரியமில வாயு. அவரே போக வர 10 கிலோமீட்டர் காரில் வந்தால்? லிட்டருக்கு 15 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் செலவாகும் பெட்ரோல் 0.67 லிட்டர். ஒரு லிட்டர் எரிந்தால் 2.3 கிலோ வாயு. ஆக, சுமார் 1.5 கிலோ. மிதித்துச் சேமித்ததைப் போல இருபது மடங்குக்கு மேல் வழியிலேயே போய்விடுகிறது. விளம்பரத்தில் இடம்பெறுவது சைக்கிள். கார் கணக்கிலேயே வராமல் போகலாம்.

குறைப்பதும் ஈடுகட்டுவதும்

'கார்பன் நியூட்ரல்' என்பதில் பெரும்பாலும் ஈடுகட்டுவதே முக்கிய இடம் பெறுகிறது. வேறெங்கோ மரம் நடவோ, காற்றாலை நிறுவவோ பணம் கொடுத்து, அதன் பலனைத் தம் கணக்கில் வரவு வைக்கிறார்கள். அந்தப் பணி நல்லதுதான். ஆனால் நமக்காக இன்னொருவர் ஓடினால் நம் எடை குறையுமா?

'நெட் ஜீரோ' இதைவிடக் கடினமானது. எஸ்.பி.டி.ஐ. என்னும் சர்வதேச அமைப்பு 2021இல் வெளியிட்ட விதிகளின்படி, பெரும்பாலான நிறுவனங்கள் 2050க்குள் தம் வெளியீட்டில் 90 விழுக்காட்டுக்குமேல் உண்மையாகவே குறைக்க வேண்டும். எஞ்சிய சிறு பங்கை மட்டுமே காற்றிலிருந்து அகற்றி நேர்செய்யலாம்.

ஜிம்முக்குள் குறைக்க வழிகள் உண்டு. ஏ.சி.யின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தினால் அதன் மின்செலவில் சுமார் 6 விழுக்காடு மிச்சம் என்கிறது, நட்சத்திர முத்திரை வழங்கும் பி.இ.இ. சூரிய வெந்நீர்க் கலம் வைக்கலாம், ஏ.சி. வாயுக் கசிவை உடனே அடைக்கலாம்.

கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

1. எந்த ஆண்டின் அளவோடு ஒப்பிடுகிறீர்கள்?
2. மூன்று கூடைகளில் எவை கணக்கில் உள்ளன?
3. நீங்களே குறைத்தது எவ்வளவு, பணம் கொடுத்து ஈடுகட்டியது எவ்வளவு?
4. வெளியார் எவராவது சரிபார்த்தார்களா?

இப்படிக் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் அல்ல. ஆதாரமற்ற 'பசுமை' விளம்பரங்களைத் தடுக்க, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் நெறிமுறைகளே வெளியிட்டுள்ளது. அவை பொருள்களுக்கு மட்டுமல்ல, சேவைகளுக்கும் பொருந்தும்.

வீட்டுப் பயிற்சி: சென்ற மாத மின்கட்டண ரசீதை எடுத்து, யூனிட்டுகளை 0.7ஆல் பெருக்குங்கள். பிறகு குழந்தைகளையும் உட்கார வைத்து, காரோ ஸ்கூட்டரோ அந்த மாதம் குடித்த பெட்ரோல் லிட்டர்களை 2.3ஆல் பெருக்கச் சொல்லுங்கள். எந்த விடை பெரிது என்று பாருங்கள். நம் வீட்டில் எதை முதலில் குறைக்கலாம் என்பது அப்போது தானாகவே விளங்கும்.