பெற்றோல் மிசினுக்கு பில்ரர் தேவைதானா?



“இப்ப வாற பெற்றோல் ஜீப்புகளிலேயே பில்ரர் மாத்துற கதை இல்லை. உங்கட சின்ன மிசினுக்கு எதுக்கு? கழட்டிப்போட்டு ஓட்டுங்கோ அண்ணை.”

கராச்சில் இப்படிச் சொல்லக் கேட்ட ஒருவர், தன் இறைப்பு மிசினின் எண்ணெய்க் குழாயில் இருந்த பில்ரரைக் கழற்றினார். தாங்கிக்குள் இருந்த வலையும் அடைப்புத்தான் என்று அதையும் எடுத்துவிட்டார். மிசின் இரண்டு நாள் நன்றாக ஓடிற்று. மூன்றாம் நாள் இறைப்பின் நடுவில் நின்றது. அவர் இடம்பெயர்ந்து வந்து பிறர் காணியில் குத்தகைக்குத் தோட்டம் செய்பவர். கிணறு நான்கு பேருக்குப் பொது. அன்றைய முறை அவர் கையை விட்டுப் போயிற்று. பூக்கும் பருவத்து மிளகாய்க் கன்றுகள் அடுத்த முறை வரும்வரை வாடி நின்றன.

கராச்சில் கேட்டது முழுப் பொய் அல்ல, பாதி உண்மை. மற்றப் பாதியை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் ஜீப்பைப் பார்ப்போம். இன்றைய பெற்றோல் ஜீப்பில் காபரேற்றர் இல்லை. தாங்கிக்குள் மூழ்கியபடி ஒரு மின் பம்ப் இருக்கிறது. அது பெற்றோலை அழுத்தித் தள்ள, இன்ஜெக்ரர் அதைப் பூப்போல விசிறுகிறது. சாதாரண வகையில் இந்த அழுத்தம் சைக்கிள் ரியூப்பில் நாம் அடிக்கும் காற்றளவுதான், ஏறத்தாழ 3 பார். 1996 இல் மிட்சுபிஷி நிறுவனம் கொண்டுவந்த, சிலிண்டருக்குள்ளேயே நேராக விசிறும் வகையில் அது பல மடங்கு கூட. இன்ஜெக்ரரின் துவாரங்கள் மிக நுண்ணியவை. ஆகவே அங்கே இருக்கும் பில்ரரும், தலைமயிரின் தடிப்பில் ஏழில் ஒரு பங்கு தூசியைக்கூடப் பிடிக்கும் அளவுக்கு நெருக்கமானது.

1990களின் ஜீப்புகள் பலவற்றில் இந்தப் பில்ரர் ஒரு தகர டப்பாவாக வண்டியின் அடியிலோ இயந்திரத்துக்குப் பக்கத்திலோ இருந்தது. கண்ணால் கண்டு கழற்றி மாற்றினார்கள். பின்னர் வந்த பலவற்றில் அதைத் தாங்கிக்குள் பம்போடு சேர்த்துவிட்டார்கள். மாற்றும் தவணையும் புத்தகத்தில் இல்லை. அதைத்தான் கராச்சில் “இல்லை” என்கிறார்கள். இருக்கிறது, கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். அது அடைத்தால் பம்ப் மூச்சுத் திணறிச் சூடேறிக் கருகிவிடும். பிறகு முழுப் பொருத்தையும் வாங்க வேண்டும். பில்ரருக்கென்று கொடுக்காத காசைப் பல மடங்காகக் கொடுப்பதுதான் இது. அந்த ஜீப்பும் நல்ல நிரப்பு நிலையத்தில் மூடிய குழாயால் எண்ணெய் அடிக்கும்வரைதான் பல வருடம் தாங்கும்.

நாங்கள் எதில் நிரப்புகிறோம்? கலனில் வாங்கி, சைக்கிளில் கட்டி, மண் பாதையில் கொண்டுவந்து, காற்றடிக்கும் வெட்டையில் புனல் வைத்து ஊற்றுகிறோம். கலனோ முன்பு வேறு ஏதோ இருந்த கலன். ஜீப்பின் தாங்கிக்குள் ஒரு வருடத்தில் போகாத மண் நம்முடைய மிசினுக்குள் ஒரு போகத்தில் போய்விடும்.

ஆனால் நம் பக்கம் ஒரு வாய்ப்பும் உண்டு. காபரேற்றர் பொறுமையானது. 1990 இல் போர் மீண்டும் தொடங்கி எரிபொருள் தடை வந்த காலத்தில், யாழ்ப்பாணத்தில் பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் சில துளி பெற்றோலில் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடியதை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இன்ஜெக்ரர் வண்டியில் அந்த வித்தை பலிக்காது. காபரேற்றரில் தூசி போனால் ஜெற் அடைத்து மிசின் நிற்கும். கழற்றி ஊதினால் மீண்டும் ஓடும். பெரிய செலவு இல்லை. நட்டம் நேரத்தில்தான். தண்ணீர் முறைக்குக் காத்திருப்பவனுக்கு அது சிறிய நட்டமும் அல்ல.

ஆகவே நம் மிசினுக்குப் பில்ரர் வேண்டும், ஆனால் ஜீப்பின் பில்ரர் வேண்டாம். இதில் பலர் தவறுகிறார்கள். நம் மிசினில் பம்ப் இல்லை, எண்ணெய் தன் பாரத்தால் மட்டும் இறங்குகிறது. அழுத்தத்துக்கென்று செய்த நெருக்கமான பில்ரரைப் பூட்டினால் போதிய எண்ணெய் இறங்காது. மோட்டார் சைக்கிளுக்கு விற்கும் சின்னப் பிளாஸ்ரிக் பில்ரரே போதும். அதில் உள்ள அம்புக்குறி காபரேற்றரைப் பார்க்க வேண்டும். உள்ளே கடதாசி இருந்தால் கழுவி மீண்டும் போடவேண்டாம், புதிது போடுங்கள். வலை மட்டும் இருந்தால் கழுவலாம். பல மிசின்களில் தாங்கியின் வாயில் ஒரு வலை, எண்ணெய் இறங்கும் இடத்தில் ஒரு வலை, எண்ணெய் பூட்டும் பிடியின் கீழ் சிறு கிண்ணம் ஒன்று என்று ஏற்கெனவே மூன்று காவல் உண்டு. அந்தக் கிண்ணத்தைக் கழற்றிக் கழுவியவர்கள் நம்மில் எத்தனை பேர்?

பில்ரர் செய்யாத வேலைகளும் உண்டு. இந்தச் சின்னப் பில்ரர் தண்ணீரை நிறுத்தாது. பெற்றோல் லீற்றர் ஒன்று ஏறத்தாழ 750 கிராம், தண்ணீர் ஒரு கிலோ. அதனால் தண்ணீர் எப்போதும் அடியில் நிற்கும். சந்தேகமான எண்ணெயைக் கண்ணாடிப் போத்தலில் விட்டு ஓர் இரவு அசையாமல் வையுங்கள். அடியில் முத்துமுத்தாகத் தண்ணீர் தெரிந்தால், மேலாக உள்ளதை மெதுவாக வேறு கலனுக்குச் சரித்து, அடியை விட்டுவிடுங்கள். பெற்றோலில் கலந்துவிட்ட மண்ணெண்ணெயையும் எந்தப் பில்ரரும் பிரிக்காது. பழைய பெற்றோலில் உண்டாகும் பிசினும் கரைந்தே இருப்பதால் பில்ரரைத் தாண்டிப் போய், காபரேற்றருக்குள் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். 2022 இல் வரிசையில் நின்று வாங்கிய பெற்றோலை மாதக்கணக்கில் சேர்த்து வைத்தவர்களுக்கு இந்தத் தொல்லை தெரியும். போகம் முடிந்தால் எண்ணெயைப் பூட்டிவிட்டு, மிசின் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். காபரேற்றர் வெறுமையாகிவிடும்.

புனலில் பழைய வேட்டித் துணி கட்டுவது நம் பழக்கம். அதன் நூற்பஞ்சே பில்ரரை அடைப்பதைக் கண்டிருக்கிறோம். நெருக்கமான நைலோன் துணி நல்லது.

மிசின் ஓடிச் சில நிமிடத்தில் நின்று, ஆறவிட்டால் மீண்டும் ஓடுகிறதா? உடனே பில்ரர் வாங்க ஓடவேண்டாம். முதலில் தாங்கியின் மூடியைச் சற்றுத் தளர்த்தி ஓட்டிப் பாருங்கள். மூடியில் காற்றுப் போகும் சிறு துளை உண்டு. அதைச் சேறு அடைத்தால் எண்ணெய் இறங்காது. தளர்த்தியதும் ஓடினால் குற்றம் மூடியில்தான், குண்டூசியால் துளையைக் குத்தினால் முடிந்தது. அப்போதும் நின்றால், மிசின் நன்றாக ஆறிய பின் காபரேற்றருக்குப் போகும் குழாயைக் கழற்றி ஒரு போத்தலுக்குள் விட்டு எண்ணெயைத் திறவுங்கள். அறாத நூல்போல ஓடினால் பில்ரர் நலம், காபரேற்றரைப் பாருங்கள். துளித்துளியாக விழுந்தால் பில்ரரை எடுத்துவிட்டு மீண்டும் திறந்து பாருங்கள். அப்போது நன்றாக ஓடினால்தான் புதிய பில்ரர். இதைப் பகலில், வெளியில் செய்யுங்கள். அரிக்கன் லாம்பை அருகில் வைத்துக்கொண்டோ, பீடி பற்றிக்கொண்டோ செய்யவேண்டாம். பிள்ளைகளையும் தூர நிற்கச் சொல்லுங்கள்.