திருக்குடும்பமும் எதிர்நோக்கும்

(மூன்றாம் ஆண்டு, இளங்கலைத் தமிழ்)

முன்னுரை

கிறித்துப் பிறப்பு விழாவை ஒட்டிக் கத்தோலிக்கப் பங்குகளில் ஆற்றப்பெறும் மறையுரைகளில் இரு கருத்துகள் மீண்டும் மீண்டும் வரும். ஒன்று எதிர்நோக்கு, மற்றொன்று குடும்பம். இவ்விரண்டும் ஏன் இணைத்துப் பேசப்பெறுகின்றன என்பதைத் திருவழிபாட்டு ஆண்டின் அமைப்பைக் கொண்டும், என் வீட்டு அனுபவத்தைக் கொண்டும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லும் பொருளும்

என் பாட்டி மனப்பாடமாகச் சொல்லும் பழைய செபங்களில் 'விசுவாசம், நம்பிக்கை, தேவசிநேகம்' என்று மூன்று புண்ணியங்கள் வரும். 1995ஆம் ஆண்டு வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்போ அவற்றை 'நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு' என்று வழங்குகின்றது. பழைய நம்பிக்கை முதலிடத்திற்குப் பெயர, அது இருந்த இடத்தில் எதிர்நோக்கு வந்தமர்ந்தது. இம்மாற்றம் பொருள் பொதிந்தது. 'எல்லாம் நன்றாகவே நடக்கும்' என்று சும்மா இருப்பது எதிர்நோக்கு ஆகாது. வருகின்றவரின் பக்கமாக முகத்தைத் திருப்பி நிற்பதே எதிர்நோக்கு.

தமிழ் பயிலும் நமக்கு இது புதியதன்று. முல்லைத் திணையின் உரிப்பொருள் 'இருத்தல்' அல்லவா? முல்லைப்பாட்டில் தலைவன் போர்ப் பாசறையில் இருக்க, பெருமுது பெண்டிர் ஊர்ப்புறம் சென்று விரிச்சி கேட்கின்றனர். அங்கே ஓர் ஆயர் மகள், தாயைக் காணாது வாடும் கன்றைப் பார்த்து, 'உன் தாய் இப்போதே வந்துவிடும்' என்னும் பொருள்படத் தேற்றுகின்றாள். காத்திருக்கும் குடும்பத்திற்கு அச்சொல்லே நற்சொல்லாகின்றது.

காலத்தின் அமைப்பு

கிறித்துப் பிறப்புக்கு முன்வரும் நான்கு ஞாயிறுகளைக் கொண்டது திருவருகைக் காலம். அப்போது குருவானவர் ஊதா நிற உடை அணிவார். மூன்றாம் ஞாயிறன்று மட்டும் மகிழ்ச்சிக்கு அடையாளமாக இளஞ்சிவப்பு உடை அணிவதுண்டு. பீடத்தருகே வாரம் ஒன்றாக நான்கு மெழுகுதிரிகள் ஏற்றப்பெறும். குடில் முன்னரே கட்டப்பட்டாலும், தீவனத் தொட்டி பல இடங்களில் வெறுமையாகவே இருக்கும். பாலன் சுரூபம் நள்ளிரவுத் திருப்பலியில்தான் அதில் வைக்கப்பெறும்.

திருக்குடும்பத் திருவிழா 1921ஆம் ஆண்டு திருத்தந்தை பதினைந்தாம் பெனடிக்ட் அவர்களால் உலகத் திருச்சபை முழுமைக்கும் உரியதாக்கப்பட்டது. முன்பு அது மூன்று அரசர்கள் திருநாளுக்குப்பின் கொண்டாடப்பெற்றது. 1969ஆம் ஆண்டின் நாட்காட்டிச் சீர்திருத்தத்திற்குப் பின்னரே கிறித்துப் பிறப்பை அடுத்த ஞாயிறுக்கு வந்தது. 'எதிர்நோக்கின் திருப்பயணிகள்' என்னும் விருதுவாக்குடன் வந்த 2025 யூபிலி ஆண்டும் இத்திருவிழாவோடு பிணைந்தது. உரோமையில் 2024 திசம்பர் 24 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அதனைத் தொடங்கினார். மறைமாவட்டங்களில் அது 2024 திசம்பர் 29 அன்று தொடங்கி, 2025 திசம்பர் 28 அன்று நிறைவுற்றது. இவ்விரு நாட்களும் திருக்குடும்பத் திருவிழா நாட்களே என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

முதல் மறையுரை

என் தந்தை 2021ஆம் ஆண்டு மின்பணியாளராக வளைகுடா நாடு சென்றார். அப்போது என் தம்பிக்கு இரண்டு வயது. 2024 கிறித்துமசுக்கு வருவதாகச் சொல்லியிருந்த அப்பா, விடுப்புக் கிடைக்காமையால் வரவில்லை. நான் சினங்கொண்டு தொலைபேசியில் பேச மறுத்துவிட்டேன். அம்மாவோ வழக்கம்போல் வாசலில் நட்சத்திரம் கட்டினார், குடிலும் அமைத்தார். "தொட்டி காலியாயிருக்கே" என்று தம்பி கேட்டதற்கு, "காலியில்லப்பா, இடம் வச்சிருக்கோம்" என்றார்.

அவ்வாண்டுத் திருக்குடும்ப ஞாயிறன்று, பன்னிரண்டு வயது இயேசு கோவிலில் காணாமற்போன பகுதி வாசிக்கப்பட்டது. மூன்று நாள் தேடிக் கண்ட தாய், மகனிடம் நேராகவே குறையைக் கேட்கிறார். கிடைத்த மறுமொழி பெற்றோருக்கு விளங்கவில்லை. எனினும் மூவரும் ஒன்றாகவே நாசரேத்துக்குத் திரும்புகின்றனர். "விளங்காதபோதும் பேச்சை முறிக்காத குடும்பமே திருக்குடும்பம்" என்று பங்குத்தந்தை கூறியபோது நான் தலைகுனிந்தேன். அன்று மாலை அப்பாவை நானே அழைத்தேன். "சாப்டியாம்மா?" என்றார் அவர். அதற்குமேல் இருவராலும் சற்றுநேரம் பேச இயலவில்லை.

இரண்டாம் மறையுரை

2025 திசம்பரில் அப்பா வந்தார். காத்திருந்தது கைகூடியது என்றுதான் எண்ணினேன். ஆனால் ஆறு வயதான தம்பி அம்மாவின் முந்தானைக்குப் பின்னே ஒளிந்துகொண்டான். 'உங்கப்பா' என்று நாங்கள் காட்ட, அவன் கைப்பேசியைத்தான் பார்த்தான்! அப்பா சிரித்தார்; ஆயினும் அன்றிரவு திண்ணையில் நெடுநேரம் தனியே அமர்ந்திருந்தார்.

அவ்வாண்டு வாசகம் எகிப்துக்குத் தப்பியோடிய பகுதி. ஏரோது இறந்தபின் யோசேப்பு தாயையும் சேயையும் அழைத்துக்கொண்டு திரும்புகிறார். ஆனால் யூதேயாவில் அர்க்கெலாவு ஆள்வதறிந்து அஞ்சி, கலிலேயாவின் நாசரேத்தில் குடியமர்கிறார். பெத்லகேமிலிருந்து புறப்பட்டவர்கள் பெத்லகேமுக்குத் திரும்பவில்லை. அன்று எனக்கு ஒன்று விளங்கிற்று: மீண்டு வருபவர், விட்டுச் சென்ற அதே வீட்டிற்கு வருவதில்லை, வீட்டை எல்லோரும் சேர்ந்து மறுபடியும் தொடங்கவேண்டும்.

அப்பா இருந்த நாற்பது நாளும் தம்பியைப் பள்ளிக்குக் கொண்டுவிட்டார். முதலில் மூவடி தள்ளியே நடந்தவன், பொங்கலுக்குப்பின் விரலைப் பிடித்துக்கொண்டான்.

முடிவுரை

யூபிலி ஆண்டு 2026 சனவரி 6 அன்று திருத்தந்தை பதினான்காம் லியோ புனிதக் கதவை மூடியதோடு முடிவுற்றது. அப்பாவும் மீண்டும் கடல் கடந்துவிட்டார். ஆயினும் எதிர்நோக்கு முடியவில்லை. அது குடும்பத்தில்தான் முதன்முதலில் கற்கப்படுகின்றது என்பதனாலேயே மறையுரைகள் இவ்விரண்டையும் இணைக்கின்றன எனலாம். வெறுமை வேறு, வைத்திருக்கும் இடம் வேறு. இவ்வேறுபாட்டை எனக்குக் கற்பித்தவர் என் அம்மா. நம்முள் எத்தனையோ பேர் வீடுகளில் இப்படி ஓர் இடம் இருக்கக்கூடும். அதனைக் காலி என்று எண்ணாதீர்கள், நண்பர்களே!