சைலோவும் களஞ்சியமும்

ஒன்ராறியோவின் நாட்டுப்புறங்களிற் பயணஞ் செய்வோர், மாட்டுத் தொழுவங்களின் அருகே உருளை வடிவில் ஓங்கி நிற்கும் கோபுரங்களைக் கண்டிருப்பர். ரொறன்ரோ நகரிலும், பதேர்ஸ்ற் வீதி ஏரிக்கரையை அடையுமிடத்தில், பார்லியைச் சேமித்தற்பொருட்டு 1928ஆம் ஆண்டு கட்டப்பட்ட கொங்கிறீற் கோபுரங்கள் பணி ஓய்ந்த பின்னரும் நிற்கின்றன. இவற்றை ஆங்கிலத்தில் 'சைலோ' என்பர். இதற்குத் தமிழ் யாது எனப் பிள்ளைகள் வினவினால் நாம் கூறும் விடை என்ன?

'சைலோ' ஸ்பானிய மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல். தானியக் குழியைக் குறிக்கும் 'சிரோஸ்' என்னும் கிரேக்கச் சொல்லே அதன் மூலம் என்பர் சொற்பிறப்பு அறிஞர் பலர். குழியின் பெயர் பிற்காலத்திற் கோபுரத்திற்கும் ஆகிவந்தது. பாற்பண்ணைகளிற் பச்சைச் சோளப்பயிரை நறுக்கி, காற்றுப் புகாவண்ணம் இதனுள் அடைத்துப் புளிக்கவைத்து, பனிக்காலத்தில் மாடுகளுக்கு இடுவர். இத்தீவனத்தைத் தமிழ்நாட்டு வேளாண் துறையினர் 'ஊறுகாய்ப்புல்' என அழகுற வழங்குகின்றனர்.

தானியச் சேமிப்புக்குத் தமிழிற் சொற்கள் பல உள. மண்ணாற் செய்து வீட்டினுள் வைப்பது குதிர். மரப்பலகையால் ஆயது பத்தாயம். பெருங்கட்டடமாக அமைவது களஞ்சியம். ஏணிக்கும் எட்டாத உயரமுடையதாய், முகட்டைத் திறந்து நெல் நிரப்பப்படும் 'கூடு' பெரும்பாணாற்றுப்படையிற் பேசப்படுகின்றது. பாபநாசத்தை அடுத்த திருப்பாலைத்துறைக் கோயிலில், நாயக்கர் காலத்து வட்ட வடிவ நெற்களஞ்சியத்தை இன்றுங் காணலாம். ஆகவே, பொருளும் நமக்குப் புதிதன்று; சொல்லும் புதிதன்று.

எனினும் எல்லா இடத்தும் ஒரே சொல் பொருந்தாது. ஏவுகணையை நிலத்தினுள் நிறுத்திவைக்கும் ஆழ்குழியும் ஆங்கிலத்திற் சைலோவே. அங்கே களஞ்சியம் என்பது பொருந்துமா? அலுவலகங்களில், ஒரு பிரிவினர் தாம் அறிந்ததை மற்றப் பிரிவினருக்குத் தெரிவியாது தனித்தியங்குவதையும் அச்சொல்லாற் குறிப்பர். அதனை 'அறிவுக் களஞ்சியம்' என மொழிபெயர்ப்பின், பழிப்பு புகழாக மாறிவிடும்! ஆங்கிலம் சைலோவின் அடைத்த சுவரை நோக்கியது. தமிழோ களஞ்சியத்தின் நிறைவை நோக்கியது. அதனாலன்றோ, 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்த பேரறிவு நூல் 'கலைக்களஞ்சியம்' எனப் பெயர் பெற்றது!

அடைத்து மறைத்தலைச் சுட்டும் வழக்கு தமிழில் இல்லாமலில்லை. கடன் கேட்டு வந்தவனிடம், "எங்கப்பன் குதிருக்குள் இல்லை" என்று பிள்ளை காட்டிக்கொடுத்த கதையை நாம் அனைவரும் அறிவோம். அலுவலகச் சைலோவின் பொருளுக்குக் களஞ்சியத்தினும் இக்குதிரே அண்மையது.

மருத்துவமனையிலும் அரச அலுவலகத்திலும் பெற்றோருக்காக மொழிபெயர்த்து உதவும் பிள்ளைகள் இந்நகரில் உளர். அகராதியில் முதலிற் காணும் சொல்லை அவர்கள் அப்படியே எடுத்தாளின் பொருள் பிறழும். சொல் எவ்விடத்தில் எப்பொருளில் நிற்கின்றது என ஆராயும் பழக்கத்தை அவர்களுக்கு ஊட்டுதல் ஆசிரியர் கடன்.

அடுத்த முறை நெடுஞ்சாலையோரத்தில் ஒரு சைலோவைக் காணும்போது, பெற்றோரே, குதிரையும் பத்தாயத்தையும் களஞ்சியத்தையும் பிள்ளைகளுக்கு எடுத்துரையுங்கள். விதைநெல் குதிரிலேயே கிடந்தாற் பயிராகாது, சொல்லும் அவ்வாறே.