188 அடிகளும் 180 நிமிடங்களும்

(மூன்றாம் ஆண்டு, இளங்கலைத் தமிழ் இலக்கியம்)

"நெடுநல்வாடையைப் புறப்பாட்டு எனக் கொள்வது பொருந்துமா? முல்லைப்பாட்டோடு ஒப்பிட்டு ஆராய்க."

ஐந்தாம் பருவத் தேர்வில் சங்க இலக்கியத் தாளின் கடைசிப் பகுதியில் வந்த வினா இது. மதிப்பெண் பத்து. ஐந்து வினாக்களில் மூன்றனுக்கு விடை எழுதினால் போதும் என்ற விருப்பம் இருந்தது. ஆயினும் மற்ற வினாக்களில் இரண்டு இதைவிடக் கடினமாய்த் தோன்றியமையால் பலரும் இதனிடமே வந்து சேர்ந்தனர். தேர்வு முடிந்து வெளியே வந்ததும் எங்கள் வகுப்பில் இந்த ஒரு வினாவைப் பற்றிய பேச்சாகவே இருந்தது. "பாடத்திலேயே இல்லாததைக் கேட்டுவிட்டார்கள்" என்றார் ஒருவர். "இரண்டு பாட்டையும் தனித்தனியே கேட்டிருந்தால் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளியிருப்பேன்" என்றார் மற்றொருவர். எதற்கும் கலங்காத நண்பர் ஒருவர் மட்டும், "நெற்றிக்கண்ணுக்கே அஞ்சாதவர் பாடிய பாட்டு ஐயா! அதைப்பற்றிய கேள்வி எளிதாக இருக்குமா?" என்று சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தார்.

சிரிப்பு அடங்கியபின் தோழி ஒருத்தி சொன்னது என் மனத்தில் தங்கிவிட்டது. "இந்தத் தாள் நின்றுவிட்டால் முதுகலையில் சேர்வது ஓராண்டு தள்ளிப்போகும். எங்கள் வீட்டில் அந்த ஓராண்டைச் சும்மா விடமாட்டார்கள்" என்றார் அவர். அந்தச் 'சும்மா' என்ற சொல்லுக்கு நச்சினார்க்கினியர் வந்து உரை எழுத வேண்டியதில்லை. நம் கல்லூரியில் பயில்வோருள் பலர், தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர்கள். நமக்குப் பத்து மதிப்பெண் என்பது பத்து மதிப்பெண்ணோடு நிற்பதில்லை. ஆகவேதான் இவ்வினாவை எடுத்துக்கொண்டு இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வினா நேர்மையானது. பாடத்துக்குப் புறம்பானதும் அன்று. இரண்டு பாட்டுகளும் நமக்குப் பாடம். நெடுநல்வாடை 188 அடி. முல்லைப்பாட்டு 103 அடி. இரண்டிலும் தலைவன் போர்மேற் சென்றிருக்கிறான். தலைவி அரண்மனையில் வருந்துகிறாள். மழையும் குளிரும் சூழ்ந்திருக்கின்றன. ஒரு பாசறை காட்டப்படுகிறது. இவ்வளவு ஒத்திருந்தும் ஒன்றை அகம் என்றும் மற்றொன்றைப் புறம் என்றும் சொல்வது ஏன் என்று கேட்கிறார்கள். படித்தவன் மனத்தில் இக்கேள்வி தானே எழ வேண்டும். எழாமல் போனதற்குக் காரணம், நாம் பாட்டைப் படிக்காமல் பாட்டின் சுருக்கத்தைப் படித்ததே போலும். கடைகளில் விற்கும் நோட்ஸ் எதனிலும் இரு பாட்டும் ஒரே பக்கத்தில் வருவதில்லை.

நச்சினார்க்கினியர் காட்டும் காரணம் யாவரும் அறிந்தது. அகப்பாட்டில் தலைவன் இன்னான் என்று சுட்டப்படுதல் கூடாது என்பது தொல்காப்பியர் வகுத்த நெறி. நெடுநல்வாடையில் பாண்டியன் பெயர் இல்லை. ஆனால் பாசறையில் ஏந்திய வேலில் வேப்பந்தழை கட்டியிருக்கிறது. வேம்பு பாண்டியர்க்கு உரிய அடையாளப் பூ. எனவே சுட்டியாயிற்று, பாட்டுப் புறமாயிற்று. முல்லைப்பாட்டில் எந்த வேந்தன் என்று காட்டும் குறிப்பு இல்லாமையால் அது அகமாகவே நிற்கிறது. பெரும்பாலோர் எழுதியது இவ்வளவே. இதனை எழுத ஐந்து வரி போதும். மீதிப் பக்கங்களை எதைக்கொண்டு நிரப்புவது? மழையால் மேட்டுநிலத்துக்குப் பெயர்ந்த கோவலர் கைகளைத் தீயில் காய்ச்சுவதையும், புறாக்கள் இரவு பகல் அறியாது மயங்குவதையும், பிச்சி மலர்வதைக் கண்டு மாலை வந்ததென மகளிர் அறிவதையும் எழுதி நிரப்பினார்கள். எல்லாம் அழகிய செய்திகள்தாம். ஆனால் கேட்ட கேள்விக்கும் அவற்றுக்கும் தொடர்பு இல்லை.

தேர்வுக்குப்பின் இரண்டு பாட்டையும் அருகருகே வைத்துப் படித்தேன். முல்லைப்பாட்டின் அரசன் புண்பட்ட யானைகளையும், அம்பு தைத்து உண்ணாமல் நிற்கும் குதிரைகளையும், மாண்ட வீரரையும் எண்ணி உறக்கமின்றிக் கிடக்கிறான். நெடுநல்வாடையின் அரசனும் உறங்கவில்லை. ஆனால் அவன் எழுந்து நடக்கிறான். நள்ளிரவில், விளக்குகள் வாடையில் அலைய, குதிரைகள் மழைத்துளியை உதறிக்கொண்டு நிற்கும் சேற்றுத் தெருவில் புண்பட்ட வீரரைப் பார்த்துச் செல்கிறான். முல்லைப்பாட்டில் அரசன் வெற்றியோடு திரும்பும் ஆரவாரத்தில் பாட்டு முடிகிறது. தலைவியின் காத்திருத்தலுக்கு விடை கிடைத்துவிடுகிறது. நெடுநல்வாடையில் திரும்புதல் இல்லை. பாசறையிலேயே பாட்டு முடிந்துபோகிறது. கட்டிலின் மேல் விதானத்தில் உரோகிணியைப் பிரியாத திங்களை ஓவியத்தில் கண்டு பெருமூச்சு விட்ட அரசியிடம் புலவர் நம்மைத் திரும்ப அழைத்துச் செல்வதே இல்லை. வேப்பந்தழையை எடுத்துவிட்டாலுங்கூட இந்தப் பாட்டு புறத்தின் பக்கம் சாய்ந்திருக்கும் என்பது என் கருத்து. மாறாகக் கருதுவோர், பாட்டின் பெரும்பகுதி தலைவியின் தனிமைக்கே செலவாகியுள்ளது என்று வாதிடலாம். பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். பிரிந்திருக்கும் அரசிக்கு வாடை நெடிது. வினையில் வெல்லும் அரசனுக்கு நல்லது. வழக்கின் இருபக்கமும் தலைப்பிலேயே இருக்கின்றன! எந்தப் பக்கம் நின்றாலும் காரணம் காட்டினால் மதிப்பெண் உண்டு.

உரையாசிரியரோடு மாணவன் மாறுபடலாமா என்று சில நண்பர்கள் தயங்குகிறார்கள். உ.வே.சாமிநாதையர் 1889இல் நச்சினார்க்கினியர் உரையோடு பத்துப்பாட்டைப் பதிப்பித்தார். மறைமலையடிகளின் முல்லைப்பாட்டு ஆராய்ச்சியுரை 1903இல் வெளிவந்தது. அடிகள் அப்போது சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியர். பாட்டின் அடிகளை நச்சினார்க்கினியர் முன்பின்னாக மாற்றிப் பொருள் கொண்டதை மறுத்து, புலவர் வைத்த முறையிலேயே பொருள் கண்டு காட்டினார். மறுத்தாரே ஒழிய இகழ்ந்தாரில்லை. வகுப்பறைக்குள் இருந்துகொண்டே அதைச் செய்தார் என்பதுதான் நமக்கு வேண்டிய செய்தி.

இனி நேரத்தின் கணக்கைப் பார்ப்போம். 75 மதிப்பெண்ணுக்கு 180 நிமிடம். ஒரு மதிப்பெண்ணுக்கு இரண்டரை நிமிடம்கூட இல்லை. இக்கணக்குப்படி பத்து மதிப்பெண் கட்டுரைக்கு 24 நிமிடம் கிடைக்கும். அதற்குள் நினைக்கவும் வேண்டும், எழுதவும் வேண்டும். இரண்டு மதிப்பெண் வினாக்கள் பத்தினையும் அரைமணியில் முடித்து, ஐந்து மதிப்பெண் வினாக்கள் ஐந்தனுக்கும் ஒருமணி கொடுத்தால், ஒவ்வொரு கட்டுரைக்கும் அரைமணி மிஞ்சும். எங்கள் அறையில் நடந்ததோ தலைகீழ். இரண்டு மதிப்பெண் வினாவுக்கு அரைப்பக்கம் எழுதி, முக்கால் மணியை அங்கேயே விட்டவர்கள் பலர். கடைசிக் கட்டுரைக்கு வரும்போது கண்காணிப்பாளர் "பத்து நிமிடந்தான் இருக்கிறது" என்று குரல் கொடுக்கிறார். முல்லைப்பாட்டிலும் பாசறையில் நாழிகை வட்டிலைப் பார்த்துப் பொழுது சொல்வோர் வருகிறார்கள். அவர்கள் அரசனை வாழ்த்திவிட்டுச் சொல்கிறார்கள் என்பது ஒன்றே வேற்றுமை.

மற்றொன்று வினாச்சொல். 'தருக' என்றால் தரலாம். 'விளக்குக' என்றால் எப்படி, ஏன் என்று சொல்ல வேண்டும். 'நிறுவுக' என்றால் முடிவை அவர்களே கொடுத்துவிட்டார்கள். சான்று மட்டும் நம்முடையது. 'ஆராய்க' என்றால் முடிவும் நம்முடையது. இதனைக் கவனியாமல் எல்லாவற்றுக்கும் ஒரே விடையை ஊற்றினால், எவ்வளவு அழகான கையெழுத்தாயினும் பயனில்லை.

சென்ற மாதம் முதல் நாங்கள் ஐவர், சனிக்கிழமைதோறும் துறை நூலகத்தில் கூடி எழுதிப் பழகுகிறோம். ஒருவர் வினா கொண்டுவருவார். மற்றவர்க்கு அது முன்பே தெரியக்கூடாது. கடிகாரத்தை நடுவில் வைத்து, ஐந்து நிமிடம் பேனாவைத் தொடாமல் நினைக்கிறோம். இருபது நிமிடம் எழுதுகிறோம். ஐந்து நிமிடம் எழுதியதைப் படிக்கிறோம். பிறகு ஒவ்வொருவராக உரக்கப் படிக்க வேண்டும். இது கடுமையான பகுதி. தான் எழுதியதைத் தன் வாயாலேயே படிக்கும்போது, "சங்ககாலம் தமிழரின் பொற்காலம் ஆகும்" என்ற முதல்வரி எவ்வளவு வெறுமையானது என்பது யாரும் சொல்லாமலே தெரிந்துவிடுகிறது. ஐவரில் நால்வர் அந்த வரியோடுதான் தொடங்கியிருந்தார்கள்! என் கை நிமிடத்துக்குப் பதினைந்து சொற்களுக்குமேல் ஓடுவதில்லை. இருபது நிமிடத்துக்கு முந்நூறு சொல். அதில் ஐம்பதைப் பொற்காலத்துக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை.

முதற்சனிக்கிழமை இதே நெடுநல்வாடை வினாவைத்தான் எடுத்தோம். எங்களில் ஒருவர் நன்றாகப் பேசுவார். எழுதச் சொன்னால் திணறுவார். இருபது நிமிடத்தில், "சாலச் சிறந்த இப்பாடல் பல்வேறு நயங்களைக் கொண்டு மிளிர்கின்றது" என்பதோடு நின்றுவிட்டார். "எழுத வேண்டாம், என்ன தோன்றுகிறது, சொல்லுங்கள்" என்றோம். சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்: "அந்தம்மா அரமனையில அழுவுது. இவரு பாசறையில அடிபட்டவங்களப் பாத்துக்கிட்டுப் போறாரு. வீட்டு நெனப்பே அவருக்கு வரலையே. அப்புறம் அது எப்புடிங்க அகமாவும்?" நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். வேப்பந்தழையைத் தாண்டி எங்களில் எவரும் எழுதாத காரணத்தை அவர் நான்கு வாக்கியத்தில் முடித்துவிட்டார். அதையே அவர் எழுத்துத்தமிழில் எழுதி, பாட்டிலிருந்து மூன்று அடிகளைச் சான்றாகச் சேர்த்தபோது ஒன்றரைப் பக்கம் வந்தது. எட்டுப்பக்கம் எழுதிய விடையைவிட அது நன்றாக இருந்தது என்று எட்டுப்பக்கம் எழுதியவரே ஒப்புக்கொண்டார். பேசும்போது இருக்கும் அறிவு பேனாவைத் தொட்டதும் எங்கே ஓடிவிடுகிறது என்பதை மொழியியல் படித்தவர்கள்தாம் ஆராய வேண்டும்.

ஆசிரியப் பெருமக்களிடம் ஒரு விண்ணப்பம். அகமதிப்பீட்டுத் தேர்வுகளில் ஒரு வினாவேனும் வகுப்பில் சொல்லப்படாததாக இருக்கட்டும். முதலில் முணுமுணுப்போம். ஆனால் முன்பின் அறியாத வினாவை முதன்முதலாகப் பருவத்தேர்வில் சந்திப்பதைவிட, திருத்தித் தர ஆசிரியர் இருக்கும் வகுப்பிலேயே சந்தித்துவிடுவது நல்லது. விடையைச் சொல்லி எழுதவைக்கும் நேரத்தில் பாதியை எங்களைப் பேசவைக்கக் கொடுத்தாலும் போதும்.

வரும் சனிக்கிழமைக்குரிய வினாவைக் கொண்டுவர வேண்டிய முறை, வீட்டில் ஓராண்டைச் சும்மா விடமாட்டார்கள் என்றாரே, அந்தத் தோழியுடையது. ரகசியமாக வைத்திருக்க வேண்டியதை ஆர்வத்தால் இப்போதே சொல்லிவிட்டார். பட்டினப்பாலையின் 301 அடிகளில் திருமாவளவன் என்ற பெயர் வெளிப்படையாகவே வருகிறது. ஆயினும் அது அகப்பாட்டு. நெடுநல்வாடையில் பெயரே வரவில்லை, ஆயினும் புறப்பாட்டு. இது எப்படி? 'ஆராய்க' என்று முடித்திருக்கிறார். பட்டினப்பாலையில் திருமாவளவன் உவமையில்தான் வருகிறான், பிரியத் தயங்கும் தலைவன் அவன் அல்லன் என்று நான் தொடங்கலாமென்றிருக்கிறேன். வேறுவகையில் தொடங்க எண்ணுவோர் பிற்பகல் இரண்டு மணிக்குத் துறை நூலகத்துக்கு வரலாம். வினா தெரிந்துவிட்டதால் இம்முறை நினைப்பதற்கு ஐந்து நிமிடம் கிடையாது.