அகதிக் குடும்பத்துக்கு ஸ்பான்சர் ஆவது எப்படி? கனடா முறை: முழுமையான வழிகாட்டி

1979-80இல் வியட்நாம், கம்போடியா, லாவோஸ் நாடுகளிலிருந்து சுமார் 60,000 அகதிகள் கனடாவில் குடியேறினர். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குப் பொறுப்பேற்றவை தேவாலயங்களும் அக்கம்பக்கத்தார் கூடி அமைத்த குழுக்களும்தான். அந்த ஏற்பாட்டில் நீங்களும் சேர விரும்பினால், படிகள் இவை.

1. வழியைத் தேர்ந்தெடுங்கள்

18 வயது நிரம்பிய, குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ உள்ள ஐந்து பேர் சேர்ந்தால் ‘ஐவர் குழு’. அகதி குடியேறும் வட்டாரத்திலேயே அவர்கள் வசிக்க வேண்டும். 2024 நவம்பர் 29 முதல் இக்குழுக்களின் புதிய விண்ணப்பங்களை அரசு நிறுத்திவைத்தது. இப்போதைய நிலையைக் குடிவரவுத் துறையிடம் உறுதிசெய்யுங்கள். அரசுடன் ஒப்பந்தம் உள்ள அமைப்பு ஒன்றின் கீழ் சேர்வது இன்னொரு வழி. கியூபெக் மாகாணத்துக்கு நடைமுறை தனி.

2. யாரை அழைக்கலாம்?

அவர் தாய்நாட்டைவிட்டு வெளியேறியிருக்க வேண்டும். ஐவர் குழு அழைப்பவரை ஐ.நா. அகதிகள் ஆணையமோ, அவர் தங்கியுள்ள நாடோ அகதியாக ஏற்றிருக்க வேண்டும். கனடாவுக்குள் வந்து அடைக்கலம் கோரியவர்களுக்கு இது பொருந்தாது.

3. பணம், திட்டம்

பொதுவாக 12 மாதம், அல்லது அதற்குள் அவர்கள் சொந்தக் காலில் நிற்கும்வரை, வாடகை, சாப்பாடு, உடை எல்லாம் உங்கள் பொறுப்பு. விமான நிலையத்துக்கு யார் போவது, மருத்துவரிடம் யார் கூட்டிப்போவது என்பதுவரை எழுதிவையுங்கள். ஸ்பான்சர் செய்வதற்காக அகதியிடமிருந்து ஒரு காசும் வாங்கக் கூடாது.

4. காத்திருப்பு

பல குழுக்கள் தளர்வது இங்கேதான். நேர்காணல், மருத்துவச் சோதனை, பாதுகாப்புச் சோதனை என்று ஆண்டுக்கணக்கில் இழுக்கலாம். மாதம் ஒருமுறையாவது கூடுங்கள். ‘அடுத்த மாதம் வந்துவிடுவீர்கள்’ என்று வாக்குக் கொடுக்காதீர்கள்.

5. முதல் வாரங்கள்

சமூகக் காப்பீட்டு எண், சுகாதார அட்டை, வங்கிக் கணக்கு, பிள்ளைகளின் பள்ளி, மொழி வகுப்பு: இந்த வரிசையில் தொடங்குங்கள். மொழிபெயர்ப்புக்குக் குழந்தைகளை நிறுத்தாதீர்கள். பெரியவர் ஒருவரைத் தேடுங்கள். ஒருமுறை காரில் அழைத்துப்போன இடத்துக்கு மறுமுறை அவர்களோடு பஸ்ஸில் போங்கள்.

6. பதின்மூன்றாம் மாதம்

வந்திறங்கும்போதே அவர்கள் நிரந்தர வதிவாளர்கள். எந்த வேலை, எந்த ஊர் என்பது அவர்கள் முடிவு. பணம் கொடுத்தவர் என்பதால் உங்களுக்கு அதில் உரிமை இல்லை. ‘எந்த பஸ்ஸில் ஏறணும்?’ என்று கேட்டு உங்களுக்கு வரும் அழைப்புகள் நின்றுவிட்டால், வேலை சரியாக நடந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.