கண்மாய் வற்றுகிற நேரத்தில் வா, தங்கச்சி

பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்த மறுநாளே பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறிவிடு. மே 4 வாக்கில் அக்னி நட்சத்திரம் பிறந்துவிட்டால் அப்புறம் வீட்டுக்குள்தான் அடைந்து கிடக்க வேண்டும். பங்குனிக் கடைசியும் சித்திரை முதல் பாதியும்தான் ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகத்துப் பக்கம் பிள்ளைகளோடு சுற்றுவதற்கு ஏற்ற காலம்.

கண்மாயில் தண்ணீர் இல்லையே, வந்து என்ன பார்ப்பது என்று கேட்காதே. ஐப்பசி, கார்த்திகை மழையில் பெருகிய தண்ணீர் இப்போது நடுவில் ஒடுங்கிக் கிடக்கும். மீனும் நத்தையும் அந்தக் கொஞ்சத் தண்ணீருக்குள் நெருங்கிவிடும். தேடி அலையாமல் வயிறு நிறைகிற இடம் என்று பறவைகள் மொத்தமாக வந்து இறங்கும். பெரியகுளம் கண்மாய் போல நிறைந்து கிடக்கிற கண்மாயில் பறவை எங்கோ தூரத்தில் புள்ளியாகத்தான் தெரியும். வற்றுகிற கண்மாயில்தான் அதன் கால் நிறம் வரைக்கும் பார்க்கலாம்.

காலை ஆறு மணிக்கே கரை ஏறிவிடு. மேற்கே மலை, கிழக்கே சரிவு என்பதால் நம் பக்கத்துக் கண்மாய்களுக்குக் கரை பெரும்பாலும் கிழக்கில் இருக்கும். காலையில் சூரியன் உன் முதுகுப் பக்கம், பறவை வெளிச்சத்தில். சாயங்காலம் போனால் வெயில் கண்ணில் அடிக்கும், எல்லாம் கறுப்பாகத்தான் தெரியும். எட்டரைக்குள் வீடு திரும்பிவிடுங்கள்.

சங்குவளை நாரையைப் பிள்ளைகளுக்குக் காட்டு. அலகைப் பாதி திறந்து தண்ணீருக்குள் விட்டு, இப்படியும் அப்படியும் துழாவிக்கொண்டே நடக்கும். கலங்கல் தண்ணீரில் மீனைக் கண்ணால் பார்த்துப் பிடிக்க முடியாது, அலகில் பட்டதும் கவ்விவிடும். மண் நிறத்தில் கவனிப்பாரில்லாமல் நிற்கிற மடையானையும் விட்டுவிடாதே. முட்டையிடும் காலம் நெருங்க நெருங்க அதன் முதுகு கருஞ்சிவப்பாக மாறிவிடும். அது வேறு பறவை என்றே பிள்ளைகள் சாதிப்பார்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிக் கூட்டி வா. தலைக்கு மேல் ஆள்காட்டிக் குருவி விடாமல் கத்தினால், எல்லோரும் நின்ற இடத்திலேயே நின்று காலடியைப் பார்க்க வேண்டும். அது கூடு கட்டாது. வெறும் தரையில் கூழாங்கல் மாதிரி புள்ளிபோட்ட முட்டைகளை இட்டு வைத்திருக்கும். வெயில் ஏறினால் தண்ணீரில் வயிற்று இறகை நனைத்து வந்து முட்டையைக் குளிர வைக்கிற பறவை அது. அவ்வளவு பாடுபடுகிற தாயின் முட்டை நம் செருப்பில் நசுங்கக் கூடாது. வந்த தடத்திலேயே திரும்பி வந்துவிடுங்கள்.

கண்மாய்க்குள் குளிக்க மட்டும் யாரையும் விடாதே. மேலே வெடித்துக் காய்ந்தாற்போல் இருக்கும், கால் வைத்தால் முழங்கால் வரை சேறு. மண் அள்ளிய பள்ளங்கள் கலங்கல் தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாது. முழங்கால் அளவில் நடந்துகொண்டே இருக்கிற பிள்ளை அடுத்த எட்டில் ஆள் ஆழத்தில் இருக்கும். மடைப் பக்கமும் அப்படித்தான். நீச்சல் தெரிந்தவனுக்கும் இதைத்தான் சொல்வேன்.

சாம்பல் அணில் பார்க்க வேண்டுமென்றால் செண்பகத்தோப்புப் பக்கம் போகலாம். அந்த அணிலுக்காகவே 1988-இல் சரணாலயம் அமைத்தார்கள். 2021-இல் அது ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகத்தோடு சேர்ந்தது. கோடையில் காட்டுத்தீ பயத்தால் வழியை அடைத்திருப்பார்கள், அதனால் முதல் நாளே வனத்துறையிடம் கேட்டுக்கொள். மரத்துக்கு மரம் கிளை தொட்டுக்கொள்கிற இடமாகப் பார்த்துச் சத்தம் போடாமல் நின்றால், கடித்துப் போட்ட காய்த் துணுக்குகள் மேலிருந்து விழும். உடம்பு நீளத்துக்கு வாலும் தொங்கும். பிஸ்கட், கடலை எதுவும் போடாதே. அடிவாரத்து மாந்தோப்புகளுக்கு யானை வருகிற நேரமும் இதுதான், பொழுது சாய்வதற்குள் ஊருக்குள் வந்துவிட வேண்டும்.

மத்தியானம் காற்றே இல்லாமல் புழுங்கி, மலை மேல் மேகம் கறுத்தால் ஓடைப் பக்கம் போகவே போகாதே. ஊரில் ஒரு சொட்டு விழாது, மலையில் கொட்டித் தீர்க்கும். 2015 மே மாதம் சதுரகிரியில் திடீர் வெள்ளத்தில் பக்தர்கள் உயிரிழந்ததை மறக்க முடியுமா? தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கி, சருகும் குச்சியுமாக வந்தால், துணியையும் பாத்திரத்தையும் விட்டுவிட்டு மேட்டுக்கு ஏறிவிடு. இடி இடித்தால் கரையில் பனைமரத்தடியில் ஒதுங்காதே.

வைத்தியநாதர் கோயிலுக்குக் காலையில் போய்விடு. உச்சிவெயிலில் கல்தரை பிள்ளைகளின் பாதத்தைச் சுட்டுவிடும். பத்து மணிக்கு மேல் நுங்கு, மோர், பாயில் தூக்கம், வேறெதுவும் வேண்டாம். பால்கோவாவை ஊருக்குக் கிளம்புகிற அன்றைக்கே வாங்கு, வெயிலில் நிற்கிற காருக்குள் வைக்காதே. சப்பட்டை மாம்பழம் வரத்து வந்ததும் ராஜபாளையத்தில் வாங்கி அனுப்பி வைக்கிறேன்.

மாப்பிள்ளையிடம் தூண்டில் எடுத்துவர வேண்டாம் என்று சொல். கண்மாயில் மீன்பாசி குத்தகைக்குப் போயிருக்கும், கேட்காமல் போட்டால் குத்தகைக்காரரோடு மனத்தாங்கல்தான். மீன்பிடி நடக்கிற நாளில் கரையிலேயே துள்ளத் துள்ள எடைபோட்டுத் தருவார்கள். வாளியோடு வந்தால் போதும், குழம்பு நான் வைக்கிறேன்.