அச்சாரமும் ஆப்ஷனும்

சேலம், நாமக்கல் பகுதிகளில் வாழும் நம் மக்களுக்கு வியாபாரம் புதிதன்று. லீ பஜார் மண்டிகளிலும் நாமகிரிப்பேட்டை மஞ்சள் ஏலத்திலும் சரக்கைக் கையால் தொட்டுப் பார்த்து, விலை பேசி, அச்சாரம் கொடுத்துப் பழகியவர்கள் நாம். இத்தகைய குடும்பங்களின் பிள்ளைகள் இன்று கைப்பேசியில் 'ஆப்ஷன்' வியாபாரம் பழகுகிறார்கள். "இதுவும் அச்சாரம் போலத்தானே, அத்தா?" என்று அவர்கள் கேட்டால், பெற்றோர் பலருக்குப் பதில் சொல்லத் தெரிவதில்லை. ஆகவே இம்மாதம் இதனையே நம் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

ஆப்ஷன் என்பது யாது?

மஞ்சள் குவிண்டால் ரூ.14,000 என்று வைத்துக்கொள்வோம். "ஒரு மாதத்திற்குள் இதே விலைக்கு வாங்கும் உரிமை எனக்கு வேண்டும், ஆனால் வாங்கியே தீரவேண்டும் என்ற கடமை கூடாது" என்று ஒருவர் கேட்கிறார். அந்த உரிமைக்கு மட்டும் ரூ.300 கொடுக்கிறார். இத்தொகைக்குப் பிரீமியம் என்று பெயர். வாங்கும் உரிமையைக் 'கால்' என்றும், விற்கும் உரிமையைப் 'புட்' என்றும் சொல்வார்கள். விலை ரூ.15,000 ஆனால், பிரீமியம் போக அவருக்கு ரூ.700 மிச்சம். விலை ஏறாவிட்டால் ரூ.300 போயிற்று. உரிமையை விற்றவருக்கோ வரவு ரூ.300 மட்டுமே, விலை எவ்வளவு ஏறினாலும் அந்த நஷ்டம் அவர் தலையில்தான்.

நம் பிள்ளைகள் பெரும்பாலும் பழகுவது நிப்டி ஆப்ஷன். நிப்டி என்பது 50 பெரிய கம்பெனிகளின் பங்கு விலைகளைக் கொண்டு கணக்கிடப்படும் ஓர் எண். அங்கே மூட்டையும் இல்லை, பங்கும் கைமாறுவதில்லை. எண் ஏறியதா, இறங்கியதா என்று பார்த்துப் பணம் மட்டுமே கைமாறுகிறது. ஒருவர் பெறுவது மற்றவர் இழந்ததே.

அச்சாரம் வேறு, இது வேறு

அச்சாரத்தில் சரக்கு உண்டு. வாங்கும் நிய்யத்தும் உண்டு. கொடுத்த தொகை விலையில் கழிந்துவிடும். வாங்குபவர் பின்வாங்கினால் விற்பவர் அதனை வைத்துக்கொள்ளலாமா என்பதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஹன்பலி மத்ஹபில் அனுமதி இருக்கிறது. மற்ற மூன்று மத்ஹபுகளிலும் இல்லை. ஆப்ஷன் பிரீமியமோ விலையில் கழிவதில்லை. அது வெறும் உரிமைக்குக் கொடுத்த கிரயம்.

'ஸலம்' என்ற முன்பண வியாபாரமும் வேறு. மதீனாவாசிகள் கனிகளுக்கு முன்கூட்டியே பணம் கொடுத்து வந்தபோது, அளவும் எடையும் தவணையும் தெளிவாக இருக்கட்டும் என்று நபி (ஸல்) அவர்கள் நெறிப்படுத்தினார்கள். அதில் முழு விலையும் முன்னதாகவே விவசாயியின் கைக்குச் சேர்கிறது. தவணையில் சரக்கு வந்து சேர்கிறது.

தம்மிடம் இல்லாததை விற்பதையும், நிச்சயமற்ற 'கரர்' வியாபாரத்தையும் நபி (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். சூதாட்டத்தை விட்டும் விலகுமாறு குர்ஆனின் அல்மாயிதா அத்தியாயம் கட்டளையிடுகிறது. 1992ஆம் ஆண்டு ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி இதனை ஆராய்ந்தது. ஆப்ஷனில் விற்கப்படுவது பணமுமன்று, பயன்பாடுமன்று, கிரயம் பெறத்தக்க உரிமையுமன்று; ஆகவே இந்த ஒப்பந்தம் கூடாது என்று அது தீர்மானித்தது. மாற்றுக் கருத்துடைய அறிஞர் சிலர் உண்டு. எனினும் பெரும்பாலோர் கூற்று இதுவே.

கணக்கு என்ன சொல்கிறது?

மார்க்கத் தீர்ப்பை உலகக் கணக்கும் ஒட்டியே நிற்கிறது. பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி, 2024 செப்டம்பரில் ஓர் ஆய்வை வெளியிட்டது. 2021-22 முதல் மூன்று நிதியாண்டுகளில் பங்குச் சந்தையின் பியூச்சர், ஆப்ஷன் பிரிவில் இறங்கிய தனிநபர்களில் 100க்கு 93 பேர் நஷ்டமடைந்தனர். அவர்களுடைய மொத்த நஷ்டம் ரூ.1.8 லட்சம் கோடிக்கும் மேல். செலவு போக ரூ.1 லட்சத்துக்கு மேல் லாபம் கண்டவர் 100க்கு ஒருவரே. அடுத்த 2024-25ஆம் ஆண்டிலும் 100க்கு 91 பேர் இழந்தார்கள். இவற்றிலெல்லாம் வேதனையானது, தொடர்ந்து நஷ்டப்பட்டவர்களில் நான்கில் மூன்று பங்குக்கும் மேற்பட்டோர் அதே களத்தில் நின்றதுதான். விட்டதைப் பிடிக்கும் ஆசை இது. சூதின் குணம் என்று நம் பெரியவர்கள் சொன்னதும் இதையே.

வீட்டில் செய்யவேண்டியது

ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்வது பாவமன்று. பணத்தை வைத்து ஆடிப் பழகுவதே ஆபத்து. ஏற்கெனவே இறங்கிவிட்ட பிள்ளையைக் கடிந்து விரட்டிவிடாதீர்கள். விரட்டினால் கடனை மறைப்பான். மறைத்த கடன் வளரும். அருகில் அமர்த்தி, "எவ்வளவு போயிற்று? யாரிடம் வாங்கினாய்?" என்று பொறுமையுடன் கேளுங்கள். அன்றே கணக்கை நிறுத்தச் செய்யுங்கள். முதலில் கடனை அடைக்க வழி பாருங்கள். தாய்மார்களே! இழந்ததை மீட்கவென்று நகையைக் கேட்டால் கொடுக்காதீர்கள். கையில் லாபம் மிஞ்சியிருப்பின் அதனை என்ன செய்வதென்று ஆலிமிடம் கேட்டு நடந்துகொள்ளுங்கள்.

பிள்ளைக்கு வியாபார ஆசை இருந்தால் நல்லதே. ஒரு நாள் மஞ்சள் ஏலத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். விரலியை ஒடித்துப் பார்க்கவும், எடை போடவும், குறையை மறைக்காமல் விற்கவும் கற்றுக்கொடுங்கள். வாங்கியது எது, விற்றது எது என்று விரல் தொட்டுக் காட்ட முடிகிற வியாபாரத்தில்தான் பரக்கத்தைத் தேடவேண்டும்.

அல்லாஹ் நம் குடும்பங்களுக்கு ஹலாலான ரிஸ்கைத் தந்தருள்வானாக. ஆமீன்.